மடிக்கணினித் தேர்வு: பொன்முடிப் படம் கற்பித்த பாடம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களின் வழியே சென்று, கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டையூசி வளைவுகள் ஏறினால் பொன்முடியை அடையலாம். நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர். விடுமுறை நாளில் மூடுபனி காணச் சென்று மாலையில் திரும்பும் நண்பர்கள் நம் மன்றத்தில் பலர். அம்மலைச் சரிவின் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே வாழ்நாளைக் கழித்த தமிழ் மக்களோடு அமர்ந்து பேசியவர் சிலரே. என் ஆச்சி அம்மக்களுள் ஒருவர். மணமான புதிதில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர். இன்றும் தோட்டத்து லயத்திலேயே வாழ்ந்து வருகிறார்.

அவரும் அவர் வயதொத்த பெண்டிர் மூவரும் தம் வாழ்வைத் தம் வாயாற் சொல்ல, அதனை 15 நிமிடப் படமாக்கி மன்றத்தின் ஆண்டு விழாவிற் காட்டுவதென்று சென்ற ஆண்டு நண்பர் நால்வர் முடிவு செய்தோம். நல்ல கேமரா ஒன்று இரவல் கிடைத்தது. இரண்டு நாள் மலையில் தங்கி மூன்று மணி நேரப் பதிவு எடுத்தோம். அதைத் தொகுக்க மடிக்கணினி வேண்டுமே! என் அன்னையார் சீட்டெடுத்து 65,000 ரூபாய் தந்தார். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்து, "இதில் எந்த விளையாட்டும் தடையின்றி ஓடும்; படத்தொகுப்பு எம்மாத்திரம்?" என்றார். நம்பினோம், வாங்கினோம்.

பதிவுகளை அதில் இட்டு ஓட்டியபோது ஆச்சியின் குரல் முன்னே செல்ல, உதடுகள் பின்னே வந்தன. நொடிக்கு 25 சட்டகங்கள் ஓட வேண்டிய இடத்தில் ஆறோ ஏழோ ஓடின. ஓரிடத்தில் வெட்டினால், வெட்டிய இடம் சரிதானா என்று பார்ப்பதற்கே பொறுமை முழுதும் செலவாயிற்று. விழா நாள் வந்தது, படம் வரவில்லை. வியப்பு யாதெனில், அதே பதிவுகள் என் அறை நண்பரின் மெல்லிய, விலை குறைந்த, தனிக் கிராபிக்ஸ் அட்டையே இல்லாத மடிக்கணினியில் தங்குதடையின்றி ஓடின! இயற்பியலில் முதுகலை பயிலும் எனக்கு இது பெரிய தலைகுனிவு. காரணம் தேடினேன். தேடிக் கண்டதை, என்னைப் போல் ஒருமுறைதான் வாங்க இயலும் மாணவ நண்பர்க்குப் பயன்படும் என்னும் எண்ணத்தால் ஈண்டு எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றே. பொறியைத் தேர்ந்தெடுக்குமுன் பணியை அளந்தறிதல் வேண்டும். நம் கேமரா என்ன வகைக் கோப்பைத் தருகிறது என்பதை அறியாதவன், எத்துணை விலை கொடுத்தாலும் குருட்டாம்போக்கிலேயே வாங்குகிறான்.

1. சுமையை அளப்போம்

வீடியோ என்பது அசையும் படமன்று, நிலைப்படங்களின் வரிசை. ஒவ்வொரு நிலைப்படத்தையும் சட்டகம் என்போம். 4கே எனப்படும் படத்தின் ஒரு சட்டகத்தில் 3,840 நிரல்களும் 2,160 நிரைகளும் உண்டு. பெருக்கினால் 82,94,400 புள்ளிகள். 1,920 நிரலும் 1,080 நிரையும் கொண்ட முழு எச்.டி. சட்டகத்தில் 20,73,600 புள்ளிகள். எனவே 4கே என்பது முழு எச்.டி.யைப் போல் சரியாக நான்கு மடங்கு.

ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று அளவுகள் உண்டு. ஓரளவுக்கு ஒரு பைட் எனக் கொண்டு, நொடிக்கு 25 சட்டகம் எனக் கணக்கிட்டால், ஒரு நொடிப் படம் ஏறத்தாழ 622 மெகாபைட் ஆகும். எங்கள் மூன்று மணி நேரப் பதிவை இவ்வாறே வைத்திருந்தால் 6,700 ஜி.பி.க்கு மேல் இடம் வேண்டியிருக்கும்! ஆயினும் நாங்கள் மலையிலிருந்து கொண்டுவந்தது 135 ஜி.பி. மட்டுமே. கேமரா நொடிக்கு 100 மெகாபிட், அஃதாவது 12.5 மெகாபைட் வீதம் எழுதியிருந்தது. ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கியது எவ்வாறு? இந்த வினாவிலேதான் மடிக்கணினித் தேர்வின் திறவுகோல் இருக்கிறது.

2. கணக்குப்பிள்ளையின் பேரேடு

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் இருப்புக் கணக்கு எழுதுவதாகக் கொள்வோம். மாத முதல் நாளில் முழு இருப்பையும் எழுதுகிறார். அடுத்த நாள் முதல், வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று மாற்றத்தை மட்டும் குறிக்கிறார். பேரேடு சிறியதாகிறது, காகிதம் மிச்சமாகிறது. ஆனால் 15ஆம் நாளின் இருப்பு யாது என்று முதலாளி கேட்டால், முதல் நாளிலிருந்து கூட்டிக் கழித்து வந்தாலன்றி விடை சொல்ல இயலாது.

கேமராவும் இதையே செய்கிறது. ஒரு சட்டகத்தை முழுமையாக எழுதுகிறது. அதன்பின் வரும் பல சட்டகங்களில், முன்னதிலிருந்து மாறியதை மட்டும் எழுதுகிறது. சில சட்டகங்கள் பின்னே வரப்போகும் சட்டகத்தையும் சார்ந்து நிற்கும். 2003இல் வகுக்கப்பட்ட எச்.264 முறையும், 2013இல் வகுக்கப்பட்ட எச்.265 முறையும் இவ்வகையினவே. பின்னது முன்னதினும் கூரிய கணக்கால், அதே தரத்தை ஏறத்தாழப் பாதி அளவில் அடக்க முயல்வது. அதற்கேற்ப விரிக்கும் உழைப்பும் மிகுதி.

படத்தைத் தொடக்கமுதல் முடிவுவரை நேராகப் பார்ப்பவனுக்கு இதனால் பெரிய இடர்ப்பாடு இல்லை. நாள்தோறும் வரிசையாகப் பேரேடு படிப்பவன் அவன். தொகுப்பவனோ 15ஆம் நாளிலிருந்து 9ஆம் நாளுக்குத் தாவுவான்; பின்னோக்கி ஓட்டுவான்; இரண்டு மூன்று பேரேடுகளை ஒருங்கே விரிப்பான். ஒவ்வொரு தாவலுக்கும் கணினி முதல் நாளைத் தேடி ஓடிக் கூட்டிவர வேண்டும். ஒரு கணினியில் திரைப்படம் அழகாக ஓடுகிறது என்பதால் அதிலே தொகுப்பும் நன்றாக நடக்கும் என்று கொள்வது பிழை. கடையில் ஒரு படத்தை ஓட்டிக் காட்டினார்கள் என்று மகிழ்ந்து வந்த எங்களுக்கு இவ்வேறுபாடு தெரியாது.

3. மூடுபனியும் 10 பிட்டும்

இனிப் பொன்முடிக்கே உரிய ஒரு செய்தி. எங்கள் பதிவில் பாதிக்கு மேல் பனி. பனி என்பது வெண்மைக்கும் சாம்பலுக்கும் இடையே மெல்ல மெல்ல மாறும் ஒளி. சாதாரண 8 பிட் பதிவில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. 10 பிட் பதிவில் 1,024 படிகள். பனிக்காட்சி முழு ஒளியளவில் நாலில் ஒரு பகுதிக்குள் அடங்குவதாகக் கொண்டால், 8 பிட்டில் அதற்குக் கிடைப்பது 64 படிகள். 10 பிட்டிலோ 256. தொகுப்பின்போது மங்கலைப் போக்க ஒளிவேற்றுமையை இழுத்து விரிக்கிறோம். 64 படிகளை இழுத்தால் படிகளுக்கிடையே இடைவெளி கண்ணுக்குத் தெரியும்; பனி பனியாக இராது, மலைச்சரிவின் படிவயல் போல் வரிவரியாகத் தோன்றும். இதனை அறிந்த நண்பர் கேமராவை 10 பிட்டில் வைத்தார். அது நல்ல முடிவே.

அதனோடு 4:2:2 என்னும் முறையையும் அவர் தேர்ந்திருந்தார். மனிதக் கண் ஒளியின் வேறுபாட்டை நுட்பமாக உணரும். நிறத்தின் வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாக உணராது. எனவே நிறச் செய்தியைக் குறைத்து எழுதுவது வழக்கம். 4:2:0 முறையில் நான்கு புள்ளிக்கு ஒரு நிறச்செய்தி. 4:2:2 முறையில் இரண்டு புள்ளிக்கு ஒன்று. பின்னதில் தேயிலைத் தளிரின் ஓரங்கள் தெளிவாக நிற்கும்.

ஆக, எங்கள் கோப்பு எச்.265, 10 பிட், 4:2:2 என்னும் வகையைச் சார்ந்தது. இம்மூன்று சொற்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் சென்றிருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது.

4. விரிக்கும் உறுப்பு

சுருங்கிய படத்தை விரிக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, பிராசசர் தன் பொதுவான கணக்குத் திறத்தால் விரிப்பது; இது கடும் உழைப்பு. மற்றொன்று, அப்பணிக்கென்றே சில்லில் அமைந்த தனி உறுப்பு விரிப்பது. இது எளிது, மின்சாரமும் குறைவு. ஆனால் அவ்வுறுப்பு தனக்குக் கற்பிக்கப்பட்ட வகைகளையன்றிப் பிறவற்றை அறியாது.

இங்கேதான் எங்கள் புதிர் அவிழ்ந்தது. தனிக் கிராபிக்ஸ் அட்டை ஆற்றல் மிக்கது. விளையாட்டின் காட்சிகளை வரைவதில் வல்லது. எனினும் எங்கள் கோப்பு வகையை விரிக்கும் உறுப்பு எங்கள் பொறியில் எங்கும் இல்லை. நண்பரின் எளிய பொறியிலோ, பிராசசரோடு சேர்ந்த சிறு கிராபிக்ஸ் பகுதியில் அவ்வுறுப்பு இருந்தது. வலிமை வேறு, தகுதி வேறு என்பதை அன்று கண்டேன்.

பொதுவாக நினைவிற் கொள்ளத்தக்கவை இவை. இன்டெல் பிராசசர்களில் 11ஆம் தலைமுறை முதலாக, உடன் அமைந்த கிராபிக்ஸ் பகுதி எச்.265 வகையின் 10 பிட் 4:2:2 கோப்பை விரிக்க வல்லது. ஆப்பிள் நிறுவனம் 2020இல் வெளியிட்ட எம்1 முதலான சில்லுகளும் அவ்வாறே. என்விடியா அட்டைகளில் 4:2:2 விரிக்கும் திறம் 2025இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையிலேதான் சேர்ந்தது. கைப்பேசியில் படம் எடுப்போர்க்கு இக்கவலை பெரும்பாலும் இல்லை. அதன் கோப்பு பொதுவாக 4:2:0 வகை. அண்மைக்காலக் கணினிகள் யாவும் அதனை எளிதில் விரிக்கும்.

அங்ஙனமாயின் தனிக் கிராபிக்ஸ் அட்டை வீணோ எனின், அன்று. நிறம் திருத்தல், இரைச்சற் புள்ளிகளை நீக்கல், பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தல் ஆகிய பணிகளில் அதுவே முதுகெலும்பு. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள் அதனையே பெரிதும் நம்பியிருக்கிறது. அட்டையை நோக்குங்கால் அதன் பெயரோடு அதற்குத் தரப்படும் மின்னளவையும் கேட்க வேண்டும். மடிக்கணினிக்கான ஆர்.டி.எக்ஸ். 4060 என்னும் ஒரே பெயருடைய அட்டை, 35 வாட் முதல் 115 வாட் வரை பல அளவுகளில் அமைக்கப்படுகிறது. பெயர் ஒன்றாயினும் வேகம் ஒன்றன்று.

பிராசசரின் பெயரில் ஈற்றெழுத்தையும் காண்க. இன்டெல் வகையில் யூ என்று முடிந்தால் மின்சிக்கனம் கருதியது; எச் என்று முடிந்தால் நெடிய உழைப்புக்குரியது. ஐ7 என்னும் முன்னெழுத்தைக் கண்டு மயங்கி, பழைய தலைமுறையின் யூ வகையை வாங்குவோர் பலர். புதிய தலைமுறையின் ஐ5 எச் வகை அதனினும் மேலாக உழைக்கும்.

5. நினைவகமும் சேமிப்பும்

தொகுப்பு மென்பொருள் ஒரு சட்டகத்தை வேலைக்கு எடுக்கும்போது, பிழை சேராதிருக்க ஒவ்வோர் அளவையும் 32 பிட்டில் வைத்துக் கணக்கிடுவதுண்டு. மூன்று நிறமும் ஒளிபுகு தன்மையும் சேர்த்து நான்கு அளவுகள். ஒவ்வொன்றும் நான்கு பைட். 4கே சட்டகம் ஒன்று ஏறத்தாழ 132 மெகாபைட் ஆகிறது! எட்டே சட்டகங்களை விரித்து வைத்தால் ஒரு ஜி.பி. தாண்டிவிடும். 8 ஜி.பி. ராம் உள்ள பொறி ஏன் திணறுகிறது என்பது இப்போது விளங்கும். இயங்குதளமும் உலாவியும் தம் பங்கை எடுத்தபின் மிஞ்சுவது சிறிதே.

ஆதலின் 16 ஜி.பி. என்பதைத் தாழ்ந்த எல்லையாகக் கொள்க. டாவின்சி ரிசால்வ் விண்டோஸ் கணினிக்கு 16 ஜி.பி.யும், அதன் பியூஷன் பகுதியைப் பயன்படுத்துவோர்க்கு 32 ஜி.பி.யும் பரிந்துரைத்துள்ளது. பணம் போதாதெனின், பின்னர் ராம் சேர்க்க இடம் உள்ள பொறியை வாங்குக. சில மெல்லிய மடிக்கணினிகளில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆப்பிளின் எம் வரிசையிலும் பின்னர் கூட்ட இயலாது. இவற்றில் முதல் நாள் வாங்கியதே கடைசி நாள் வரை.

சேமிப்பில், பழைய சுழல்தட்டு நொடிக்கு 100 முதல் 150 மெகாபைட் வரை படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 550 மெகாபைட், என்.வி.எம்.இ. வகை 3,000க்கும் மேல். எங்கள் கோப்பு கேட்டதோ 12.5 மெகாபைட் மட்டுமே. ஆகவே மிக வேகமான எஸ்.எஸ்.டி. தேடிக் கூடுதல் பணம் தருதல் வேண்டா. சுழல்தட்டு தடுமாறுவது வேகக் குறைவால் மட்டுமன்று. பல இடங்களுக்கு மாறிமாறித் தாவ வேண்டியிருப்பதாலும் ஆகும். தொகுப்பு நடைபெறும் இடம் எஸ்.எஸ்.டி.யாகவும், முடிந்தவற்றை வைக்கும் இடம் வெளிச் சுழல்தட்டாகவும் இருப்பது மாணவர்க்கு ஏற்ற சிக்கனம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்வேன். மடிக்கணினிக்கென வைத்த பணத்தில் ஒரு பகுதியை வெளித்தட்டுக்கென முதலிலேயே ஒதுக்குக. மூன்று படிகள், இரு வேறு சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் என்பது காப்பின் விதி. கணினி பழுதானால் வேறு வாங்கலாம். முதியோர் ஒருவர் பேசிய பேச்சு அழிந்தால் எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

6. திரை, வெப்பம், மின்சாரம்

விலை குறைந்த பல மடிக்கணினிகளின் விவரத்தாளில் 45 விழுக்காடு என்.டி.எஸ்.சி. என்று திரையைப் பற்றி எழுதியிருக்கும். அது நிறம் குன்றிய திரை. தேயிலைப் பச்சை அதில் வாடித் தெரியும். தொகுப்பவன் பச்சையைக் கூட்டுவான், இன்னும் கூட்டுவான். பிறகு மன்றத்தின் பெருந்திரையில் அப்படம் ஓடும்போது கிளிப்பச்சை கண்ணைக் குத்தும். எஸ்.ஆர்.ஜி.பி. நிறப்பரப்பை நூறு விழுக்காடு அளவுக்குக் காட்டும் திரையே வேண்டும். 72 விழுக்காடு என்.டி.எஸ்.சி. என்று எழுதியிருப்பினும் ஏறத்தாழ அதுவே. விளையாட்டுக்கெனப் புகழப்படும் 144 ஹெர்ட்ஸ் திரைவேகம், நொடிக்கு 25 சட்டகம் ஓடும் படத்துக்கு எவ்வகையிலும் உதவாது.

வெப்பம் மறைவான பகை. முடிந்த படத்தைக் கோப்பாக எழுதும்போது பொறி நெடுநேரம் முழு ஆற்றலோடு உழைக்கும். காற்றோட்டம் போதாத உடலில் சில்லு சூடேறித் தன்னைக் காக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறியே இல்லாத மேக்புக் ஏர் போன்றவை குறும்பணிக்கு மிக நன்று. நெடும்பணியில் சற்றுத் தளரும். காரியவட்டத்தின் சித்திரை வெயிலில் மெத்தைமேல் கணினியை வைத்துப் படம் எழுதவிடும் நண்பர்களே, அதன் மூக்கைப் பொத்துகிறீர்கள்! மரப்பலகைமேல் வையுங்கள்.

மலையில் மழைக்காலத்து மின்சாரத்தை நம்புதற்கில்லை. ஆற்றல் மிக்க பல மடிக்கணினிகள் மின்கலத்தில் ஓடுங்கால் தம் ஆற்றலைப் பாதியாகவோ அதனினும் குறைவாகவோ சுருக்கிக்கொள்ளும். வெளியிடங்களில் தொகுக்க நேரும் எனின், மின்இணைப்பை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்த பின்னரே வாங்குதல் நலம். மற்றொரு குறிப்பு: குளிர்ந்த மலையிலிருந்து இறங்கியவுடன் கணினியைத் திறக்க வேண்டா. சமவெளியின் ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தின்மேல் நீராகப் படியும். பையிலேயே சற்று நேரம் வைத்திருந்து, வெப்பம் சமனான பின் இயக்குக.

7. பதிலிப் படம்

நிற்க. எங்கள் பொறியை என் செய்தோம்? விற்றால் பாதி விலை. அன்னையாரிடம் மறுபடி கேட்க நாவெழவில்லை. அப்போதுதான் பதிலிப் படம் என்னும் வழியை அறிந்தேன். ஆங்கிலப் பெயரால் பிராக்ஸி என வழங்குவர்.

மூலக்கோப்பு ஒவ்வொன்றுக்கும் சிறிய நகல் ஒன்றை மென்பொருளே செய்து தரும். அந்நகல் 1,280 நிரலும் 720 நிரையும் உடையதாயின் அதில் 9,21,600 புள்ளிகள். 4கே அளவில் சரியாக ஒன்பதில் ஒரு பங்கு. அதனை ஒவ்வொரு சட்டகமும் முழுமையாக எழுதப்படும் வகையிற் செய்துகொண்டால் பேரேட்டுத் தொல்லையும் தீர்ந்தது; எந்நாளின் இருப்பும் அந்நாளிலேயே எழுதியிருக்கும். வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில் நடக்கும். இறுதியில் மென்பொருள் அவ்வெட்டுகளை மூலக்கோப்பின்மேல் ஏற்றி முழுத்தரப் படத்தை எழுதித் தரும். டாவின்சி ரிசால்வ், அடோபி பிரீமியர், கட்டற்ற மென்பொருளான கேடன்லைவ் ஆகிய மூன்றிலும் இவ்வசதி உண்டு.

நாங்கள் மாலையில் நகல் எடுக்கவிட்டுப் படுத்தோம். விடிந்தபோது மூன்று மணி நேரப் பதிவும் நகலாகியிருந்தது. அதே கணினி! ஆச்சியின் உதடும் குரலும் ஒன்றாயின. இவ்வழியை முன்பே அறிந்திருந்தால் விழா நாளை இழந்திருக்க மாட்டோம் என்று எண்ணியபோது மகிழ்ச்சியினும் வெட்கமே மிகுந்தது. பணத்தால் தீர்க்க எண்ணிய குறை, உண்மையில் அறிவின் குறை.

ஆகவே பழைய கணினி உள்ளவர் உடனே கடைக்கு ஓட வேண்டா. பதிலிப் படம் செய்து பாருங்கள், 8 ஜி.பி. ராமை 16 ஆக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் விலையில்லா மடிக்கணினி பெற்று வந்த நண்பர் சிலர் நம்மிடையே உண்டு. அப்பழைய பொறியிலும் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கலாம், அடிவரி தட்டெழுதலாம். தொகுப்பில் பாதி உழைப்பு அதுவே. எங்கள் படத்தின் அடிவரி அனைத்தும் அத்தகைய ஒரு பொறியில் எழுந்தவையே.

மென்பொருளுக்கும் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. ரிசால்வின் இலவசப் பதிப்பு 4கே வரை படம் எழுதித் தரும். கேரளப் பள்ளிகளில் 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் சிறுவர் சிறுமியர் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே படத்தொகுப்புப் பயில்கின்றனர். பள்ளிச் சிறார்க்கு இயல்வது நமக்கு இயலாதா? ஆயினும் ஓர் எச்சரிக்கை: கணினியில் விரிக்கும் உறுப்பு இருந்தால் மட்டும் போதாது; மென்பொருளும் அதனைப் பயன்படுத்த வேண்டும். இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும், விண்டோஸும் லினக்ஸும் இதில் வேறுபடலாம். உங்கள் கோப்பு உங்கள் மென்பொருளில் ஓடுகிறதா என்பதே முடிந்த முடிபு.

8. கடைக்குச் செல்லுமுன்

இதுகாறும் கூறியவற்றைச் செயல்முறையாகத் தொகுத்துரைப்பேன்.

முதலாவது, கேமராவின் அமைப்பைத் திறந்து சுருக்கும் முறை, பிட், நிற அளவு, நொடிக்கு எத்தனை மெகாபிட் என்னும் நான்கையும் தாளில் எழுதுக.

இரண்டாவது, உங்கள் பணி எவ்வகை என்று துணிக. கைப்பேசியில் எடுத்த முழு எச்.டி. படம், நேர்காணல், வகுப்புப் பாடம் ஆகியவற்றுக்கு 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., நல்ல திரை, உடனமைந்த கிராபிக்ஸ் ஆகியவை போதும். 4கே 8 பிட் படத்தில் நிறம் திருத்துவோர்க்கு இவற்றோடு 6 ஜி.பி.யேனும் நினைவுள்ள தனி அட்டை துணைபுரியும். 10 பிட் 4:2:2 எடுப்போர் அட்டையை நோக்குமுன் விரிக்கும் உறுப்பை நோக்குக.

மூன்றாவது, ஒரு நிமிட மூலப்பதிவை விரலித்தட்டில் எடுத்துச் செல்க. கடையில் உள்ள பொறியில் அதனை ஓட்டித் தாவிப் பார்க்க இசைவு கேளுங்கள். கூச்சம் வேண்டா; பணம் உங்களுடையது. இசையாத கடையை விட்டு அடுத்த கடைக்குச் செல்க.

நான்காவது, ராம் கூட்ட இடம் உண்டா, இரண்டாவது எஸ்.எஸ்.டி. வைக்க இடம் உண்டா, பழுது பார்க்கும் நிலையம் நம் நகரிலேயே உண்டா என்னும் மூன்றையும் வினவுக. அலுவலகங்களில் பயன்பட்டுச் சீர்செய்து விற்கப்படும் கணினிகளையும் இழிவாக எண்ண வேண்டா. தலைமுறையையும் மின்கலத்தின் நிலையையும் ஆராய்ந்து வாங்கினால் அவற்றுள் நல்லன உண்டு.

ஐந்தாவது, கைப்பேசிப் படத்தில் நொடிக்குரிய சட்டக எண்ணிக்கை நிலையாக இராது, கூடியும் குறைந்தும் வரும். இதனால் நெடிய நேர்காணலில் குரல் மெல்ல விலகும். ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளால் நிலையான வேகத்துக்கு மாற்றிய பின் தொகுப்பைத் தொடங்குக. குறை கணினியில் இல்லாத இடத்தில் கணினியைப் பழித்தல் தகாது.

முடிவுரை

ஆண்டு விழா கடந்து நான்கு திங்கள் கழிந்தபின் படம் நிறைவேறியது. இடையே மலைக்குச் சென்றபோதெல்லாம் ஆச்சி, "எய்யா, நான் பேசுனத எப்போ பாக்கலாம்?" என்று கேட்பார். விடையின்றித் திரும்புவேன். அவரோடு பேசிய மூவருள் ஒருவர் அந்த நான்கு திங்களுக்குள் இயற்கை எய்தினார். தம் முகத்தையும் குரலையும் அவர் காணவில்லை. மடிக்கணினி பற்றிய கட்டுரையில் இதனை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்களாயின், இதன்பொருட்டே கட்டுரையை எழுதினேன் என்பேன். தவறான பொறியால் நாம் இழப்பது பணம் மட்டுமன்று, நாள்களையும் இழக்கிறோம். முதியோரைப் படமெடுக்கும் நமக்கு நாள்கள் மிகுதியாக இல்லை.

லயத்தின் திண்ணையில் கணினியை வைத்துப் படத்தை ஓட்டினோம். அன்றும் மின்சாரம் இல்லை, மின்கலத்தில்தான் ஓடியது. ஆச்சி தம் பேச்சைவிடப் பின்னே தெரிந்த சரிவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "பனி பனியாவே இருக்குய்யா" என்றார். 10 பிட்டுக்கு இதனினும் சிறந்த சான்று எந்த ஆய்வகத்திலும் எனக்குக் கிடைக்காது.

அக்கணினி இப்போது மன்றத்து நண்பர் அனைவர்க்கும் பொது. பதிலிப் படம் செய்யும் முறையை அரைமணி நேரத்தில் கற்பித்துவிடலாம். நண்பர்களே, உங்கள் இல்லத்திலும் பேச வேண்டிய ஆச்சியோ தாத்தாவோ இருப்பர். கேமராவோடு வாருங்கள், வரும்போது அந்த நான்கு விவரங்களையும் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.